ஆவிக்குள் போன ராடு

மருத்துவமனையின் அடித்தளத்தில் வேலை செய்யும் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: 'ரெண்டு தடவை'. வைத்தவர் தள்ளுவண்டிக்காரர். யாரும் மறுக்கவில்லை. அவளுமே மறுக்கவில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டு நான்கு படி இறங்கியவள் மறுபடி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கணவர் வீட்டில் இருக்கும் நாளில், அடுப்பை அணைத்தோமா என்று பேருந்து நிறுத்தத்திலிருந்து அவருக்குப் போன் செய்வாள். அணைத்தாயிற்று என்று அவர் சொன்ன பிறகும், கையால் திருகிப் பார்த்துச் சொல்லுங்கள் என்பாள். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அறுபது பிள்ளைகளின் இரைச்சலைத் தினமும் கேட்டுக் கேட்டுப் பொறுமை பழகியவர். "கல்யாணத்தையாவது ஒரு தடவையோட விட்டாளே, அதுவே பெரிய விஷயம்" என்று உறவினர் வீடுகளில் சொல்லுவார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் வேலை செய்யும் இடத்தை நோயாளிகள் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது. மேலே மூன்றாவது மாடியில் அறுவை சிகிச்சை முடிந்ததும், கத்தி, கத்தரி, இடுக்கி, எலும்பு துளைக்கும் கருவி எல்லாம் ரத்தத்தோடு தட்டுகளில் கீழே வரும். அடித்தளத்தில் வரிசையாக மூன்று அறைகள். முதல் அறையில் கழுவுவார்கள். இரண்டாவது அறையில், விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொரு சாமானையும் பிடித்துப் பார்த்து, எண்ணி, இரண்டு உறை போட்டு, டேப் ஒட்டுவார்கள். அதன் பிறகு ஆட்டோகிளேவ். பெரிய பிரஷர் குக்கருக்கு இரும்புக் கதவு வைத்தது மாதிரி இருக்கும். இரண்டாவது அறைக்கும் மூன்றாவது அறைக்கும் நடுவில் சுவருக்குள் அது பதிந்திருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கவே திறக்காது. நூற்று முப்பத்து நான்கு டிகிரி சூட்டில் ஆவி உள்ளே போய், எந்தக் கிருமியையும் உயிரோடு விடாது. டேப்பில் இருக்கும் வெளிர் கோடுகள் கறுத்தால் ஆவி பட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தப் பக்கக் கதவு வழியாக வெளியே வரும் சாமான் சுத்தமானது. அதை மூன்றாவது அறையின் அலமாரியில் அடுக்கி, மேலே கேட்கும்போது அனுப்ப வேண்டும்.

இருபத்திரண்டு வருடங்களாக அவள் செய்வது இதுதான்.

'ரெண்டு தடவை' ஆனதற்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. அதை அவள் கணவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், உறை போட்டுக் கட்டிய ஒரு பேக் லேசான ஈரத்தோடு வெளியே வந்தது. ஈரம் இருந்தால் அந்தப் பேக் செல்லாது. மறுபடி முதலிலிருந்து எல்லாம் செய்ய வேண்டும். வீட்டுக்குப் போகும் நேரம். காய்ந்துவிடும் என்று அலமாரியில் வைத்துவிட்டாள். அடுத்த வாரம், மேலே ஒருவருடைய முழங்காலில் சீழ் பிடித்துவிட்டது என்று காதில் விழுந்தது. அது அவளுடைய பேக்கால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா, யாருக்கும் தெரியாது. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பதில் சொல்லி முடித்திருப்பாள். கேட்காததால் அது உள்ளேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து, துளி சந்தேகம் வந்தாலும் அந்தச் சாமான் மறுபடி ஆவிக்குள் போகும்.

தள்ளுவண்டிக்காரர் அடித்தளத்துக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நாள் முழுக்க வண்டி தள்ளுகிறவர். அவருக்கும் இவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் இவளை அக்கா என்பார்; இவள் அவரை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்ற வழக்கு இத்தனை வருடங்களாகியும் தீரவில்லை.

மூன்றாவது அறையில் தாழ்வாரத்தைப் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல் இருக்கிறது. எக்ஸ்ரே அறைக்குப் போகும் வழி அது. சக்கர நாற்காலிகள் அங்கே வரிசையில் நிற்கும். பெயிண்டர் அவளுக்குப் பழக்கமானது அந்த ஜன்னல் வழியாகத்தான்.

அவர் கடைப் பலகைகளில் பெயர் எழுதுகிறவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு மருந்துக் கடைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது ஏணியிலிருந்து விழுந்தார். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மண்ணும் பெயிண்டும் உள்ளே போய்விட்டன. பிளேட் வைத்தார்கள், கிருமி வந்தது. பிளேட்டை எடுத்துச் சுத்தம் செய்தார்கள், எலும்பு சேரவில்லை. மறுபடி சுத்தம் செய்து, காலுக்கு வெளியே வளையங்கள் மாட்டி, அவற்றிலிருந்து கம்பிகளை எலும்புக்குள் செருகியிருந்தார்கள். அந்த வளையங்களோடுதான் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்.

"என் காலுக்குள்ள போன சாமானையெல்லாம் குளிப்பாட்டி அனுப்பினது நீங்கதானா?" என்று முதல் நாள் கேட்டார்.

அவள் ஆமாம் என்றாள். அவளுடைய பட்டப்பெயரைத் தள்ளுவண்டிக்காரர் அவர் காதில் போட்டார். பெயிண்டர் யோசித்துவிட்டு, "நீங்க ரெண்டு தடவை. நான் மூணு முடிச்சு நாலாவதுக்கு நிக்கிறேன். நான்தான் சீனியர்" என்றார்.

அந்த நாலாவதுதான் கடைசி. அதையும் அவரே சொன்னார், நாளைக்கு மழை வரும் என்று சொல்வது போல. எலும்பு டாக்டர் ஒரு புது மாதிரி ராடு வரவழைக்கிறாராம். அதை எலும்புக்குள் வைத்துப் பார்ப்பார்களாம். அதற்கும் கால் கேட்கவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதானாம். நாற்காலிக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ராடு எப்படிப்பட்டது என்று எலும்பு டாக்டர் ஆபரேஷன் தியேட்டர் ஆட்களைக் கூட்டி வைத்து விளக்கிச் சொன்னார். அந்தக் கூட்டத்துக்கு அடித்தளத்திலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாத்திரம் கழுவுகிறவர்களைப் பந்திக்குக் கூப்பிட யாருக்கு நினைவு வரும்?

ராடு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். அறுவை சிகிச்சை புதன்கிழமை காலை எட்டு மணிக்கு. தியேட்டர் சிஸ்டர் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கி, தள்ளுவண்டிக்காரரிடம் கொடுத்து, கீழே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பினார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. அவள் அதைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது அந்த மூலையைத்தான். வெளி அட்டையைப் பிரித்தாள். உள்ளே கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொரு உறை, அதற்குள் ராடு. வெளி உறையில், நசுங்கிய மூலைக்கு நேராக, நகத்தால் கீறியது போல ஒரு மடிப்பு. ஓட்டை இல்லை. விளக்கில் பிடித்துப் பார்த்தாள். மறுபடி பிடித்துப் பார்த்தாள். ஓட்டை இருப்பதாகத் தெரியவில்லை. இல்லை என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை.

அட்டையின் மேல் பக்கத்தில் அடையாளங்கள் அச்சடித்திருந்தன. வட்டத்துக்குள் இரண்டு என்ற எண்ணும் அதன் மேல் குறுக்குக் கோடும். ஒரு முறை பயன்படுத்தியதை மறுமுறை பயன்படுத்தக் கூடாது என்று அதற்கு அர்த்தம். அவள் அதை ஆயிரம் பெட்டிகளில் பார்த்திருக்கிறாள். இந்த ராடைத்தான் இன்னும் யாருக்கும் ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லையே. அதன் பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு வட்டம், அடியில் பொடி எழுத்தோடு. அதே அடையாளத்தை இரண்டு தடவை அச்சடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். எதையும் இரண்டு தடவை செய்வதில் அவளுக்கு ஆச்சரியம் ஏது?

பெயிண்டருடைய கால் அவள் மனதில் இருந்தது. மூன்று தடவை கத்தி பட்டும் கிருமி விடாத கால். அதற்குள் போகும் சாமானில் துளி சந்தேகத்தையும் அவளால் விட்டுவைக்க முடியாது. உறைகளைப் பிரித்தாள். ராடைத் தன் உறைகளில் சுற்றி, டேப் ஒட்டி, தேதி எழுதி, ஆட்டோகிளேவுக்குள் வைத்துக் கதவை மூடினாள். மூடிய கதவை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. அந்தப் பக்கம் போய்த் தட்டை எடுத்தாள். டேப் கோடுகள் கறுப்பாக, அழகாக மாறியிருந்தன. பேக் ஆறும் வரை டீ குடித்தாள். பிறகு அலமாரியில் வைக்கும் முன் வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் உறையில் விரல் நீளத்துக்கு ஒரு கறை தெரிந்தது, எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி.

ஈரம் என்று நினைத்துத்தான் பிரித்தாள். உறை ஒரு இடத்தில் ராடோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மெதுவாக இழுத்தபோது, சர்க்கரைப் பாகு ஒட்டிய காகிதம் போலப் பிய்ந்து வந்தது. ராடின் கீழ் நுனியில் ஒரு சொட்டு உறைந்து நின்றது. மேல் பாதி பளபளவென்று வெறும் உலோகமாக இருந்தது.

இரும்பு உருகாது. எஃகும் டைட்டானியமும் அந்தச் சூட்டில் வியர்க்கக்கூடச் செய்யாது. இருபத்திரண்டு வருடத்தில் ஆவிக்குள் போன எந்த உலோகமும் எதோடும் ஒட்டிக்கொண்டு வெளியே வந்ததில்லை. அப்படியென்றால் உருகியது வேறு ஏதோ.

குப்பைக் கூடையிலிருந்து அட்டையை எடுத்தாள். உள்ளே மடித்து வைத்திருந்த தாளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே விரித்தாள். பல மொழிகளில் பொடி எழுத்து. அவளுக்குப் படிக்க வந்த பகுதியில் ஒரு விரலை வைத்து வரி வரியாகப் போனாள். ராடின் மேல் மருந்து கலந்த மெல்லிய பூச்சு உண்டு. தொழிற்சாலையிலேயே கிருமி நீக்கப்பட்டது. சூடு ஆகாது. மறுபடி கிருமி நீக்கம் செய்யக் கூடாது. அட்டையில் இருந்த இரண்டாவது வட்டத்துக்கு அர்த்தமும் அதுவே.

அந்த வரியை அவள் மறுபடி படிக்கவில்லை. ஒரு தடவையே போதுமானதாக இருந்தது.

மாலைத் தட்டுகளை எடுக்க வந்த தள்ளுவண்டிக்காரர், மேசை மேல் கிடந்த ராடையும் அவள் முகத்தையும் பார்த்தார். என்ன நடந்தது என்று அவள் சொன்னாள். அவர் ராடைக் குனிந்து பார்த்தார். ஒட்டிய காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் வித்தியாசமே தெரியாது என்றார். அது கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை. அவர் கணக்கு அவருக்கு. ராடு ராடுதான், எலும்பைத் தாங்கும். கிருமியும் இல்லை, அவள்தான் ஆவியில் வைத்துவிட்டாளே. இப்போது போய்ச் சொன்னால் நாளைக்கு ஆபரேஷன் நிற்கும். அடுத்த ராடு வர மூன்று வாரம் ஆகும். அதுவரை அந்த மனுஷன் வளையத்தை மாட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். கிடக்கிற நேரத்தில் கிருமி உள்ளே இறங்கினால் அதற்கு யார் பொறுப்பு?

"சொல்றதாலயும் கால் போகலாம்க்கா" என்றார் கடைசியாக.

அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கஷ்டம். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. அந்தப் பூச்சு என்ன செய்யும் என்று தெரியாத ஒருத்தி, அது இல்லாமல் ஒரு கால் பிழைக்குமா என்று எப்படி முடிவு செய்வாள்? தெரிந்தவர் மேலே இருந்தார்.

ராடை உருகிய சொட்டோடு அப்படியே ஒரு தட்டில் வைத்து, ஒட்டிய காகிதத்தையும் பக்கத்தில் வைத்து, மேலே துணி போட்டு மூடினாள். வண்டியில் வைக்கட்டுமா என்று தள்ளுவண்டிக்காரர் கேட்டார். வேண்டாம் அண்ணே, நானே கொண்டுபோகிறேன் என்றாள்.

தியேட்டர் சிஸ்டர் முதலில் நம்பவில்லை. பிறகு அவருடைய குரல் ஏறியது. இரண்டு மாதம் அலைந்து அனுமதி வாங்கி வரவழைத்த ராடு, பத்திரமாக வைக்கச் சொன்னால் வேக வைத்துக் கொண்டுவந்திருக்கிறீர்களே என்றார். அவள் தட்டை மேசை மேல் வைத்தாள். சத்தம் கேட்டு எலும்பு டாக்டர் வந்தார். உயரமான மனிதர், பேசும்போது யாரையும் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துப் பேசுகிறவர். துணியை விலக்கி ராடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனியில் இருந்த சொட்டை நகத்தால் தொட்டார்.

நடந்ததை அவள் முதலிலிருந்து சொன்னாள். நசுங்கிய மூலை, மடிப்பு, சந்தேகம், கறை. சொல்லி முடித்துவிட்டு, "அந்தப் பூச்சு என்ன செய்யும், சார்?" என்று கேட்டாள்.

டாக்டர் ராடைத் தட்டில் வைத்தார். அந்தக் கேள்விக்கான பதிலை அவளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். பிறகு விளக்கினார். உலோகம் உடம்புக்குள் போனதும் அதன் மேல் இடம் பிடிக்க ஒரு போட்டி நடக்கும். ஒரு பக்கம் எலும்பு செல்கள், மறு பக்கம் கிருமிகள். பேருந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி. முதலில் யார் உட்கார்ந்தார்களோ அவர்களை எழுப்ப முடியாது. கிருமி உட்கார்ந்துவிட்டால், தன் மேல் ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும்; அதற்கப்புறம் மாத்திரையோ ஊசியோ அதைத் தொடாது. இவருடைய காலில் இதுவரை நடந்தது அதுதான். அதனால்தான் பூச்சு. முதல் ஒன்றிரண்டு நாளில் நிறைய மருந்தை விடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சில வாரங்களுக்கு விட்டுக்கொண்டே கரையும். ரத்தத்தின் வழியாகப் போகாமல், வேண்டிய இடத்திலேயே மருந்து இருக்கும்.

"ராடு எலும்பை ஒட்ட வைக்காது. எலும்பு தானாத்தான் ஒட்டணும், அதுக்கு மாசக்கணக்காகும். ராடு பிடிச்சுக்கிட்டு நிக்கும், பூச்சு காவல் காக்கும். அவ்வளவுதான்" என்றார்.

"இதுல இப்ப மருந்து இல்லையா, சார்?"

"இருக்கலாம். ஆனா மேல் பாதியில காவல் இல்ல, கீழ ஒரே இடத்துல கூட்டமா நிக்குது. எவ்வளவு விடும், எப்ப விடும், எனக்குச் சொல்லத் தெரியாது. தெரியாத ஒன்னை நம்பி அந்தக் காலைத் திறக்க மாட்டேன்."

அவ்வளவுதான். புதன்கிழமை ஆபரேஷன் இல்லை. பெயிண்டரிடம் தானே சொல்லிக்கொள்வதாக டாக்டர் சொன்னார். தானும் வருவதாக அவள் சொன்னாள்.

பெயிண்டர் வார்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது காலில் எந்தப் பக்கம் என்று காட்டப் பேனாவால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். யார் செய்தது என்று அவர் சொல்லவில்லை. அவள்தான், நான்தான் செய்தேன் என்றாள்.

"எட்டு மணிக்குன்னு சொன்னாங்களே" என்றார் பெயிண்டர், யாரிடம் என்றில்லாமல். பிறகு அவளைப் பார்த்தார். "சுத்தமா இருக்கணும்னுதானே செஞ்சீங்க?"

"ஆமாங்க."

"அப்ப யாரைத் திட்டறதுன்னே தெரியலையே" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனைவி, எத்தனை நாள் ஆகும் என்று டாக்டரைக் கேட்டார். மூன்று வாரம் என்றதும், உரித்த ஆரஞ்சைத் தட்டில் வைத்தார். நீங்கள் போங்கள், இப்போது அவரால் பேச முடியாது என்று அவளிடம் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு நேரே போய் உட்கார்ந்தாள். கணவர் காத்திருந்தார். அவள் எழுந்து வரவில்லை. அவரே எழுந்து போய்த் தாழை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

அந்த மூன்று வாரமும் அவளுக்கு நாள் எண்ணித்தான் போயின. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் விளக்கம் எழுதித் தரச் சொன்னார். மூன்று பக்கம் எழுதினாள். அவர் படித்துவிட்டு, நடந்ததை மட்டும் நான்கு வரியில் எழுதுங்கள், உங்களையே திட்டி எழுதியதையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்றார். நான்கு வரி எழுதி, ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தாள்: புதுச் சாமான் ஏதாவது வந்தால் அடித்தளத்து ஆட்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும்.

அதற்குப் பலன் இருந்தது. எலும்பு டாக்டரே அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். அதற்கு முன் எந்த டாக்டரும் அங்கே வந்ததாக யாருக்கும் நினைவில்லை. தள்ளுவண்டிக்காரர் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கடைசி வரை அதில் யாரும் உட்காரவில்லை. டாக்டர் நின்றுகொண்டே, எதெல்லாம் ஆவிக்குள் போகக் கூடாது என்று சொன்னார். மூன்றாவது அறையில் அந்தச் சாமான்களுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கினார்கள். அதற்கு ஒரு பலகை வேண்டும் என்று அவள் எழுதிக் கேட்டாள். ஒரு மாதம் ஆகும் என்று பதில் வந்தது.

மேலே பெயிண்டருக்குப் பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது. வளையத்திலிருந்து எலும்புக்குள் போகும் கம்பிகளில் இரண்டைச் சுற்றித் தோல் சிவந்துவிட்டது. செய்தியைக் கொண்டுவந்த தள்ளுவண்டிக்காரர், நான்தான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. அதற்காக அவரை அவள் மனதுக்குள் மூத்தவராக ஒப்புக்கொண்டாள். கம்பிகளைச் சுத்தம் செய்யும் செட் தினமும் இரண்டு வேளை வார்டுக்குப் போக வேண்டும். அதை அவளே கட்டினாள். அதற்கு மேல் அவளால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை. எக்ஸ்ரேக்கு வரும்போது பெயிண்டர் ஜன்னல் பக்கம் திரும்பாமல் போனார். இரண்டு நாள் காய்ச்சல் விட்டிருந்தது. மூன்றாம் நாள் மறுபடி எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ஒரேயடியாக இறங்கியது.

பதினாறாம் நாள் சக்கர நாற்காலி ஜன்னலுக்கு நேரே நின்றது. பெயிண்டரின் மடியில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ இருந்தது. மனைவி அதை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். ஒரு முழ நீளப் பலகை. நீல நிறத்தின் மேல் சிவப்பில், கடைப் பலகைகளில் இருப்பது மாதிரி நிழல் கொடுத்து எழுதியிருந்தது: 'அக்கா, இதுல கை வைக்காதீங்க.'

தள்ளுவண்டிக்காரர் வார்டில் போய் எல்லாவற்றையும் உளறியிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"படிச்சீங்களா?" என்றார் பெயிண்டர்.

படித்தேன் என்றாள்.

"இன்னொரு தடவை படிங்க. உங்களுக்கு அப்பத்தானே மனசு ஆறும்."

இரண்டாவது ராடு இருபத்திரண்டாம் நாள் வந்தது. இந்தத் தடவையும் அட்டையின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. கொண்டுவருகிறவர்களுக்கு மூலை என்றால் ஆகாது போலிருக்கிறது. அவளுக்குக் கை பரபரத்தது. தியேட்டர் சிஸ்டரைப் போனில் கூப்பிட்டாள். அவர் கீழே வந்தார். இருவரும் சேர்ந்து வெளி அட்டையை மட்டும் பிரித்து, உறைகளை விளக்கில் பார்த்தார்கள். மடிப்புகூட இல்லை. சிஸ்டர் தாளில் கையெழுத்துப் போட்டார். பெட்டி பலகைக்குக் கீழே போய் உட்கார்ந்தது. அன்று மாலை வரை அந்தத் தட்டைத் தாண்டும்போதெல்லாம் அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். தள்ளுவண்டிக்காரர், கைது பண்ணிக் கூட்டிப்போகிற மாதிரி இருக்கிறது என்றார்.

அடித்தளத்தில் இருப்பவர்களுக்கு மேலே ஆபரேஷன் எப்படிப் போகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். நடுவில் போன் வந்து இன்னொரு செட் வேண்டும், அவசரம் என்றால் மேலே ஏதோ சிக்கல். போன் வராவிட்டால் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. அன்று காலை எட்டு மணியிலிருந்து அவள் போனுக்குப் பக்கத்திலேயே நின்று துணி மடித்தாள். பத்து மணிக்கு ஒரு முறை அடித்தது, சலவைப் பிரிவிலிருந்து. பதினொன்றரைக்குத் தட்டுகள் கீழே வந்தன. எண்ணினாள். எல்லாம் இருந்தன. கூடுதலாக எதுவும் கேட்கப்படவில்லை. மறுபடி எண்ணினாள்.

ஆனால் கால் பிழைத்ததா என்பது அன்றைக்குத் தெரிகிற விஷயம் இல்லை. எலும்புக்கு அவசரம் கிடையாது. ஆறாவது வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சீழும் இல்லை, சிவப்பும் இல்லை; அது மட்டும்தான் நல்ல செய்தி. காவல் தன் வேலையைச் செய்து கரைந்து போயிருக்க வேண்டும். பன்னிரண்டாவது வாரம், உடைந்த இரண்டு முனைகளுக்கு நடுவே புகை மாதிரி ஏதோ இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். சந்தோஷப்படலாமா என்று கேட்டதற்கு, இன்னும் இல்லை என்றாராம்.

ஐந்தாவது மாதம் ஒரு காலை, ஜன்னலுக்கு வெளியே ஊன்றுகோல் சத்தம் கேட்டது. பெயிண்டர் நின்றுகொண்டிருந்தார். நின்று பார்த்தால் அவ்வளவு உயரம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கையில் எக்ஸ்ரே படம். அதை ஜன்னல் வழியாக நீட்டினார்.

அவள் அதை அறை விளக்குக்கு நேரே பிடித்தாள். நடுவில் ராடு வெள்ளைக் கோடாக நேராக இறங்கியது. ஒரு காலத்தில் இடைவெளி இருந்த இடத்தில், ராடைச் சுற்றி, மரக்கிளையில் வெட்டுப்பட்ட இடம் புடைத்து மூடிக்கொள்வது போல எலும்பு தடித்து மூடியிருந்தது. மேல் துண்டும் கீழ்த் துண்டும் எங்கே முடிகின்றன என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஏணி மட்டும் இனி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கீழே உட்கார்ந்து எழுதுகிற பலகை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாமாம். அந்த மருந்துக் கடையில் கடைசி எழுத்து இன்னும் எழுதாமலே இருக்கிறதாம். பலகையைக் கீழே இறக்கிக் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறாராம். எல்லாவற்றையும் அவர் சொல்லிக்கொண்டே போனார். அவள் கேட்டுக்கொண்டே படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

கொடுத்த அவள் கை ஜன்னலுக்குள் திரும்பவில்லை.

"தெரியும்க்கா" என்று படத்தை மறுபடி நீட்டினார் பெயிண்டர். "அதான் இன்னும் கவருக்குள்ள போடல."